மறுமுத்திரை

மேலூர் நான்குவழிச் சாலையோரம்
அறுபது டன் எடைமேடைக்குப்
பதினாலு வருஷமாக நான்தான் ஆள்.
கல் லாரி, நெல் லாரி, வைக்கோல் டிராக்டர்.
சுமை எடையில் காலி எடையைக் கழித்து
சீட்டைக் கிழித்து ஜன்னலில் நீட்டுவேன்.
ஒருத்தர் கனத்தை இன்னொருத்தரிடம் சொன்னதில்லை.

என் கனத்தை ஊரே சொன்னது.

முதல் தடவை அறுத்தபோது நூற்றுப் பதினெட்டு.
வாழைப்பழம் அளவுக்கு இரைப்பையை விட்டுவிட்டு
மிச்சத்தை எடுத்துவிடுவோம் என்றார் அந்த டாக்டர்.
நாட்டுப்பழமா, பச்சைப்பழமா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. நர்ஸ் சிரித்தாள்.
எழுபத்து நாலுக்கு இறங்கினேன்.
ரவிக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்த ரெஜினா
புதுசே எடுத்துருங்கக்கா என்று ஊசியை வைத்தாள்.
சீப்பில் முடி கொத்தாக வந்தது.
அதைக்கூடக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தார்கள்.

ஆறாம் வருஷம் நெஞ்சில் நெருப்பு.
மூன்று தலையணையில் சாய்ந்து
உட்கார்ந்தபடியே தூக்கம்.
விடிந்தால் வாயில் பழைய மோர்,
தொண்டையில் சுண்ணாம்பு தடவின மாதிரி.
அரை இட்லிக்கு மேல் இறங்காது,
ஆனாலும் கனம் திரும்பியது.
கோபித்துக்கொண்டு போன நாத்தனார்போல
இரண்டு பையோடு
பின்வாசல் வழியாக.
தொண்ணூற்று ஏழு.

இம்புட்டுக் காசைக் கொட்டி அறுத்தும்
வாயைக் கட்டலையே என்றான் மச்சினன்,
என் வீட்டுக் கறிக்குழம்பில் மூன்றாம் தடவை சோறு பிசைந்தபடி.
இன்சூரன்ஸ்காரர் போனில் கேட்டார்:
ஒருதடவை பண்ணியாச்சே மேடம், மறுபடி ஏன்?

வருஷத்துக்கு ஒருதரம்
எடையளவு ஆய்வாளர் வருவார்.
லாரி ஏறி ஏறி
மேடைக்கு அடியில் லோடு செல் சோர்ந்திருக்கும்.
எண்பது கிலோ தள்ளிக் காட்டும்.
நாலு மூலையிலும் எடைக்கல் வைத்து,
திருகி, சரிபார்த்து,
ஈயத்தில் புதுமுத்திரை குத்திவிட்டு
டீ குடித்துவிட்டுப் போவார்.
போன வருஷம்தானே குத்தினோம் என்று
இரும்பைப் பார்த்து அவர் முறைத்ததில்லை.

டாக்டர் நூர்நிஷா
என் எடைச்சீட்டின் முதுகில் படம் போட்டார்.
மேலே ஒரு முட்டை. அதுதான் இனி இரைப்பை.
அங்கிருந்து நேராகக் குடலுக்கு ஒரு கோடு.
பழைய தையலைச் சுற்றி எல்லாம் ஒட்டிப்போயிருக்கும்,
பிரிக்க நேரமாகும்,
கசிவு வரலாம்,
சாகும்வரை மாத்திரை உண்டு என்றார்.
இனிப்பு சாப்பிட்டால் வேர்த்து, படபடத்து, விழப் பார்ப்பீர்களாம்.
கேட்டுக்கொண்டேன்.
படுத்துத் தூங்கலாமா டாக்டர்?
தூங்கலாம் என்றுதான் நினைக்கிறேன் என்றார்.
அந்த 'நினைக்கிறேன்' எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வாரம் வெறும் கஞ்சித் தண்ணீர்.
கடைசி ராத்திரி டூட்டியில்
காசிமாயன் லாரிப் படியில் உட்கார்ந்து
பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினான்.
ஆசை வரவில்லை என்று எழுதினால் பொய்.
வந்தது.
சீட்டைக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மூன்று மணிக்குச் சாலை காலியானதும்
செருப்பைக் கழற்றிவிட்டு மேடைமேல் ஏறினேன்.
அறுபது டன் இரும்பு அசையவில்லை.
வெளியே தொங்கும் சிவப்பு எண்கள் யோசித்தன.
அதற்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ண வரும்.
ஆஸ்பத்திரியில் தொண்ணூற்று நாலு,
இங்கே தொண்ணூறு.
நாலு கிலோவைத் தள்ளுபடி செய்திருந்தது.
சீட்டு எடுத்தேன்.
வண்டி எண் என்ற இடம் காலி.

இன்றைக்கு மூன்றாம் நாள்.
விலாவில் குழாய், வயிற்றில் ஐந்து பிளாஸ்திரி.
எடை பார்க்க வந்த நர்ஸிடம் நாளைக்கு என்றேன்.
எனக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் சுருளிவேல் போன் பண்ணுகிறான்:
காலி எடை ஒத்துவரலை என்று ஒரு லாரிக்காரர் சண்டை போடுகிறாராம்.
மறுபடி ஏத்திப் பாருடா என்றேன்.
ரெண்டாவது தடவையா?
ஆமா. ரெண்டாவது தடவைதான்.

மருந்து மூடியில் முப்பது மில்லி தண்ணீர்.
நாக்கில் நனைத்து, நிறுத்தி, விழுங்குகிறேன்.
இறங்குகிறதா என்று நெஞ்சைக் கேட்டபடி இருக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே மாட்டுத்தாவணியில்
திருச்சி திருச்சி திருச்சி என்று
ஒரு குரல் தொண்டை வறளக் கூவுகிறது.
இன்னொரு மிடறு.